இணையம் எந்த ஆண்டில் பிறந்தது? மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து சில குறிப்புகள்

கேள்வி: 20 ஏப்ரல் 2024, இரவு 9.12

மகனுக்குப் பள்ளியில் இணைய வரலாறு பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: "அணுகுண்டுப் போர் வந்தாலும் அறுந்துபோகாத தொடர்பு வேண்டும் என்று அமெரிக்க ராணுவம் 1969-இல் இணையத்தை உருவாக்கியது. 1996-இல் அது மலேசியாவுக்கு வந்தது. தமிழர்களுக்கு இதில் பங்கு எதுவும் இல்லை." பிழை இருந்தால் சொல்லுங்கள் அண்ணா. திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

20 ஏப்ரல் 2024, இரவு 9.50

மூன்று வாக்கியம், மூன்றிலும் பிழை. மூன்றாவது வாக்கியம் எனக்குக் கோபத்தையே வரவழைத்துவிட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அணுகுண்டு. இந்தக் கதை எங்கிருந்து ஒட்டிக்கொண்டது தெரியுமா? அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் பால் பாரன் என்பவர் 1960-களின் தொடக்கத்தில், தாக்குதலுக்குப் பின்னும் உயிரோடிருக்கும் தொடர்பு முறை ஒன்றை ஆராய்ந்தார். செய்தியைத் துண்டு துண்டாக்கிப் பல வழிகளில் அனுப்பலாம் என்றார். அதே யோசனைக்கு இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸ் தனியாகவே வந்து சேர்ந்தார்; அந்தத் துண்டுக்கு 'பேக்கெட்' என்று பெயர் வைத்தது அவர்தான். பாரனின் ஆய்வு உண்மை. ஆனால் இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் என்ற கணினி வலையைக் கட்டியதற்குக் காரணம் அது இல்லை.

காரணம் மூன்று நாற்காலிகள் என்றே சொல்லலாம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆர்ப்பா அமைப்பில் இருந்த பாப் டெய்லரின் அலுவலகத்தில் மூன்று முனையங்கள் இருந்தன. மூன்றும் மூன்று ஊர்க் கணினிகளோடு பேசும். ஒன்றில் வேலையை முடித்து அடுத்த கணினியிடம் பேச வேண்டுமானால் எழுந்துபோய் வேறு முனையத்தின் முன் உட்கார வேண்டும். ஒரே முனையத்திலிருந்து எல்லாக் கணினியையும் எட்டினால் என்ன என்று 1966-இல் அவர் கேட்டார். பணம் ராணுவத்தின் பணம்தான், மறுக்கவில்லை. தேவை, ஆய்வாளர்களின் அன்றாடத் தேவை.

21 ஏப்ரல் 2024, காலை 7.05

துண்டு துண்டாக அனுப்புவது என்றால் பையனுக்குப் புரியுமா என்று தம்பி கேட்டிருக்கிறார். எங்கள் தோட்டத்தை விற்றபோது லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, விட்டுப் பட்டணத்துக்கு வந்தவர்கள் சிலர், தாங்களே சேர்த்துக் கட்டிய பலகை அடுப்படியைப் பிரித்து, ஒவ்வொரு பலகையிலும் சுண்ணாம்பால் எண் எழுதி, கிடைத்த லோரிகளில் எல்லாம் ஏற்றி அனுப்பினார்கள். எந்தப் பலகை எந்த வழியாக, எப்போது வந்தது என்பது யாருக்கும் கவலை இல்லை. வந்து சேர்ந்ததும் எண் பார்த்து நிறுத்தினார்கள். பதினேழாம் பலகை வரவில்லை என்றால் பதினேழை மட்டும் திரும்பக் கேட்டால் போதும். பேக்கெட் அவ்வளவுதான்.

21 ஏப்ரல் 2024, காலை 11.30

1969-க்கு வருகிறேன். அந்த ஆண்டு அக்டோபர் 29, இரவு பத்தரை மணி. லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்தில் லெனார்ட் கிளைன்ராக்கின் மாணவர் சார்லி கிளைன் கணினி முன் உட்கார்ந்திருக்கிறார். மறுமுனை ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையம். 'லாகின்' என்ற சொல்லின் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். எல் போனது. ஓ போனது. அடுத்த எழுத்தில் மறுமுனைக் கணினி படுத்துவிட்டது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்துச் சரிசெய்து முழுச்சொல்லையும் அனுப்பினார்கள்.

எனக்குப் பிடித்த இடம் வேறு. அந்த இரண்டு எழுத்தும் போய்ச் சேர்ந்தனவா என்பதை அவர்கள் தொலைபேசியில்தான் கேட்டுக்கொண்டார்கள். "எல் வந்ததா?" "வந்தது." 1990-களில் நானும் இதையேதான் செய்தேன். மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் பினாங்கிலிருந்த தம்பிக்குத் தொலைபேசி போட்டு "வந்ததா?" என்று கேட்பேன். புதிய வழியை நம்பப் பழைய வழியின் சாட்சி தேவைப்பட்டது.

அந்த ஆண்டு முடிவதற்குள் ஆர்பாநெட்டில் நான்கு இடங்கள் சேர்ந்தன: லாஸ் ஏஞ்சலிஸ், ஸ்டான்ஃபோர்டு, சாந்தா பார்பரா, யூட்டா. நான்கு கிளைகள் கொண்ட ஒரே வலை.

21 ஏப்ரல் 2024, மாலை 4.40

இப்போது என் வாதம். ஒரு வலை இருந்தால் அது வலை. இணையம் என்பது வலைகளுக்கு இடையிலான இணைப்பு. ஒன்றை ஒன்று அறியாத வலைகள் பேசிக்கொள்ளச் சம்மதித்த நாள்தான் பிறந்தநாள் என்பேன்.

சுங்கை சிப்புட் சந்தையை நினைத்துப் பாருங்கள். தோட்டத்து அம்மா வீட்டில் தமிழ் பேசுகிறார். மீன்காரர் வீட்டில் சீனம். காய்கறிக்கார மாக்சிக்கு, அதாவது மலாய் அம்மாவுக்கு, மலாய். கடை முன்னால் மூவரும் சந்தை மலாயில் விலை பேசுகிறார்கள். யாரும் தங்கள் மொழியை விட்டுக்கொடுக்கவில்லை. நடுவே போதுமான அளவுக்கு ஒரு பொதுப்பேச்சு இருக்கிறது. வின்ட் செர்ஃபும் பாப் கானும் 1974-இல் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இதுதான். ஒவ்வொரு வலையும் உள்ளே எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும்; எல்லையைத் தாண்டும்போது பொதுவான ஒரு முறை. அதிலிருந்து வளர்ந்ததுதான் டிசிபி/ஐபி.

1977 நவம்பர் 22 அன்று அதைச் சோதித்தார்கள். கலிபோர்னியாவில் நெடுஞ்சாலையில் ஓடும் ஒரு வேனிலிருந்து வானொலி வழியாகப் பேக்கெட்டுகள் கிளம்பின. ஆர்பாநெட்டின் கம்பி வழியாகவும் செயற்கைக்கோள் வழியாகவும் ஐரோப்பாவைத் தொட்டுத் திரும்பின. வானொலி வலை, கம்பி வலை, செயற்கைக்கோள் வலை மூன்றும் ஒரே பேச்சில் இணைந்தன.

1983 ஜனவரி 1-இல் ஆர்பாநெட் முழுவதும் பழைய முறையை விட்டு டிசிபி/ஐபிக்கு மாறியது. மாறாத கணினிக்கு அன்றிலிருந்து வலையில் இடமில்லை. ஆகவே பிறப்பு 1983.

22 ஏப்ரல் 2024, காலை 5.45

பையன் பள்ளிக்குக் கிளம்பும் முன் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மலேசியாவுக்கு 1996-இல் வந்தது என்பது தவறு. மிமோஸ் என்ற அரசு ஆய்வு நிறுவனம் 1985-இல் தொடங்கியது. அங்கே முகமது அவாங் லா தலைமையில் 1980-களின் பிற்பகுதியிலேயே ரங்கோம் என்ற வலை பல்கலைக்கழகங்களை இணைத்தது. அது ஜாரிங்காக வளர்ந்து 1992-இல் வெளிநாட்டோடு நிலையான இணைப்பைப் பெற்றது. மலாயில் ஜாரிங் என்றாலே வலை. 1996-இல் வந்தது இரண்டாவது சேவையான டிஎம்நெட். பலருக்கு அதுதான் முதல் இணைப்பு என்பதால் அந்த ஆண்டே மனத்தில் தங்கிவிட்டது.

இணையத்தில் நுழையத் தொலைபேசி வழியே அழைத்த 1511 என்ற எண் நினைவிருக்கிறதா? ஜாரிங்குக்கு 1511, டிஎம்நெட்டுக்கு 1515. என் பேத்திக்கு அவளுடைய அப்பாவின் கைபேசி எண்கூட மனப்பாடம் இல்லை. எனக்கு இந்த இரண்டும் சாகும்வரை மறக்காது.

28 ஏப்ரல் 2024, இரவு 8.20

கட்டுரை போய்ச் சேர்ந்துவிட்டதாம். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் பட்டணத்தில் காப்பிக்கடையில் ஒருவர், "நாம் பால்மரம் வெட்டிய ஆட்கள், நமக்கும் இணையத்துக்கும் என்ன ஒட்டு?" என்று கேட்டார்.

ஒட்டு கடலடியில் இருக்கிறது. இன்றும் கண்டங்களுக்கு இடையே போகும் தரவில் மிகப் பெரும்பகுதி கடலடிக் கேபிள் வழியாகத்தான் போகிறது. அந்தக் கேபிளின் பாட்டன் தந்திக் கம்பி. கடல்நீர் புகாமல் அந்தக் கம்பிக்கு உறை போட்டது நம் மலாயா மரத்தின் பால். 1858-இல் அட்லாண்டிக்கைக் கடந்த கம்பிக்கும் அந்த உறைதான். நம் முன்னோர் வெட்டிய பாலில்தான் உலகம் முதலில் பேசியது.

29 ஏப்ரல் 2024, காலை 6.30

நேற்று எழுதிய கடைசி வாக்கியம் தவறு. இரவெல்லாம் உறுத்தியது.

மலாயா மரம் என்பது சரி. ஆனால் அது பால்மரம், அதாவது ரப்பர் மரம் இல்லை. ரப்பர் விதை பிரேசிலிலிருந்து 1876-இல் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், அங்கே முளைத்த கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கோலகங்சாரில் நடப்பட்டன. 1858-இல் மலாயாவில் ரப்பர் தோட்டமே கிடையாது.

கம்பிக்கு உறையானது கெத்தா பெர்ச்சா. தாபான் என்ற காட்டு மரத்தின் பால். வெந்நீரில் போட்டால் பிசைந்த மாவுபோல் இளகும், ஆறினால் இறுகும், கடல்நீரில் கெடாது. ரப்பர் கடலில் கெட்டுவிடும். வில்லியம் மான்ட்கோமரி என்ற மருத்துவர் சிங்கப்பூரில் இதைப் பார்த்து 1840-களில் இங்கிலாந்துக்கு மாதிரி அனுப்பினார். 1847-இல் வெர்னர் சீமென்ஸ் கம்பிமேல் அதைத் தையல் இல்லாமல் பொதியும் இயந்திரத்தைச் செய்தார்.

பால்மரத்தைச் சீவினால் மறுநாளும் பால் தரும். தாபானை வெட்டிச் சாய்த்துப் பட்டையில் வளையம் வளையமாகக் கீறி எடுத்தார்கள், கிடைத்ததோ கொஞ்சம். வெட்டியவர்கள் காட்டை அறிந்த பூர்வகுடிகளும் மலாய்க்காரர்களும். அந்தப் பெருமையை நம் பெயரில் எழுதியதற்கு வருந்துகிறேன். காடுகள் மொட்டையானதும் அந்தக் கம்பிகளின் கணக்கில்தான் சேரும்.

29 ஏப்ரல் 2024, மதியம் 1.15

இன்னொன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஈப்போவில் பல் மருத்துவரிடம் வேர் சிகிச்சை செய்துகொண்டேன். வேர்க்குழாயை எதைக்கொண்டு அடைக்கிறீர்கள் என்று கேட்டேன். "கட்டா பெர்ச்சா" என்றார். அட்லாண்டிக் கம்பியை மூடிய அதே பொருள் என் கடைவாய்ப் பல்லில் இருக்கிறது. நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

30 ஏப்ரல் 2024, இரவு 10.05

காப்பிக்கடைக்காரரின் கேள்விக்கு நேர்மையான பதில் வேறு ஒன்று இருக்கிறது. 1870-ஐ ஒட்டி மெட்ராஸிலிருந்து பினாங்குக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திக் கம்பி போட்டார்கள். நம்மவர்கள் கப்பலில் நாள்கணக்கில் கடந்த அதே கடலின் அடியில். நாகப்பட்டினத்தில் ஏறியவர் பினாங்கில் இறங்கும் முன் அவரைப் பற்றிய செய்தி வந்து சேர்ந்துவிடலாம். ஆனால் அந்தக் கம்பியில் பேசியவர்கள் வணிகர்களும் துரைகளும். லயத்துக்குத் தந்தி வந்தால் சாவுச் செய்தி. எங்கள் தாத்தாவுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு தந்திதான் வந்தது. அது ஆங்கிலத்தில் இருந்தது. பெரிய கிராணி, அதாவது தோட்டத்துத் தலைமை எழுத்தர், வாசித்துச் சொல்லும்வரை, இறந்தது யார் என்று தெரியாமல் ஆபீஸ் வாசலில் நின்றாராம்.

கம்பி வந்துவிட்டால் போதாது. நம் எழுத்து அதில் போக வேண்டும்.

இன்று ஏப்ரல் 30 என்பதால் ஒரு வார்த்தை. டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் செர்ன் ஆய்வகத்தில் முன்மொழிந்த உலகளாவிய வலையை, 1993-இல் இதே நாளில் யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. இணையத்துக்கும் வலைக்கும் வேறுபாடு தெரியாமல் எழுதுகிறார்கள். இணையம் சாலை. வலை அதில் ஓடும் வண்டிகளில் ஒன்று. மின்னஞ்சல் அதைவிட மூத்த வண்டி.

4 மே 2024, மாலை 5.20

மின்னஞ்சலைத் தொட்டுவிட்டேன், சொல்லிவிடுகிறேன். 1971-இல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு வலைவழியே கடிதம் அனுப்பினார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க, பெயர்களில் வராத ஒரு குறியைத் தேடி விசைப்பலகையில் சுழித்த 'அட்' குறியை (@) எடுத்தார்.

எனக்கு அந்தக் குறி பழைய நண்பன். பதினெட்டு வயதில் தோட்டத்து ஆபீஸில் சின்னக் கிராணியாகச் சேர்ந்தேன். தட்டச்சில் செக்ரோல், அதாவது தொழிலாளர் சம்பளப் பதிவுக் கணக்கு, அடிக்கும்போது, இத்தனை நாள், நாளுக்கு இவ்வளவு வீதம் என்று காட்ட அந்தக் குறிதான். ஒவ்வொரு பால்வெட்டுக்காரரின் பெயருக்கு நேரே ஒரு சுழி. என் அம்மாவின் பெயருக்கு நேரேயும் நானே அடித்திருக்கிறேன். பின்னாளில் முதல் மின்னஞ்சல் முகவரியைப் பார்த்தபோது, சம்பளக் கணக்கில் ஒருவரின் ஒருநாள் விலையைக் காட்டிய குறி இங்கே அவருடைய வீட்டைக் காட்டுகிறதே என்று தோன்றியது.

ஆபீஸ் நினைவோடு இன்னொன்று. ஆர்பாநெட்டில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன. ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. மற்றவர்கள் அங்கிருந்து படி எடுத்துக்கொண்டார்கள். விடியற்காலைப் பிரட்டில், அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்தில், ஒரே கிராணி தோட்டம் முழுவதற்கும் பெயர் கூப்பிடுவதைப் போன்றது. ஐம்பது பேருக்குச் சரி. ஐந்நூறு பேர் ஆனால் சூரியன் ஏறி பால் நின்றுவிடும். மேற்பார்வை பார்க்கும் தண்டல் ஒவ்வொருவரும் தன் ஆட்களின் பெயரைத் தானே வைத்துக்கொண்டால்? 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டொமைன் பெயர் முறை அதுதான். மேலே இருப்பவருக்கு எல்லாப் பெயரும் தெரிய வேண்டியதில்லை, எந்தத் தண்டலைக் கேட்பது என்று தெரிந்தால் போதும்.

5 மே 2024, காலை 9.00

தொலைபேசிக் கம்பி வழியே கணினியை இணையத்தோடு சேர்த்த மோடம் பெட்டி பற்றிக் கேட்டவருக்கு: இடிதான் எதிரி. இங்கே மதியம் மூன்று மணிக்கு மேல் மலைப்பக்கம் கறுத்தால் மின் இணைப்பைப் பிடுங்கிவிடுவோம். தொலைபேசிக் கம்பியைப் பிடுங்க மறந்தேன் ஒருநாள். கம்பி வழியே வந்த மின்னல் மோடத்தைக் கருக்கியது. புதியது வாங்க மூன்று மாதம் காசு சேர்த்தேன்.

11 மே 2024, இரவு 9.30

"தமிழர்களுக்குப் பங்கு எதுவும் இல்லை." இப்போது இதற்கு வருகிறேன்.

'இணையம்' என்ற சொல்லையே நமக்குத் தந்தவர் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. 1995 அக்டோபரில் சிங்கப்பூரில் நாட்டின் நான்கு மொழிக் கவிதைகளையும் இணையத்தில் ஏற்றியபோது, தமிழ் அங்கே தமிழ் எழுத்திலேயே நின்றது. அதற்கு உழைத்தவர் அவர். மலேசியாவில் பிறந்து சிட்னியில் வாழ்ந்த பாலா பிள்ளை அதே ஆண்டில் தமிழ்.நெட் மின்னஞ்சல் குழுவைத் தொடங்கினார். நம் நாட்டு முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டெழுத்து மென்பொருளை உருவாக்கினார். சுவிட்சர்லாந்திலிருந்த கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் உலகெங்கும் உட்கார்ந்து தட்டெழுதினார்கள். 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது.

இவர்கள் எதை எதிர்த்து உழைத்தார்கள் என்பது பையனுக்குத் தெரிய வேண்டும். தொடக்கக் கணினிகள் எழுத்துக்கு 128 இடம்தான் வைத்திருந்தன. அதில் ஆங்கிலம் உட்கார்ந்துவிட்டது. பிறகு இடம் 256 ஆனது. மேல்பாதியில் தமிழை உட்கார வைத்தார்கள், ஆனால் ஒவ்வொரு எழுத்துரு செய்தவரும் தன் விருப்பப்படி வைத்தார். ஒருவருடைய 'க' இருக்கும் இடத்தில் இன்னொருவருடைய 'மு'. அனுப்பியவரின் எழுத்துரு உங்களிடம் இல்லையென்றால் கடிதம் குப்பை.

1997-இல் சிட்னியிலிருக்கும் அத்தை மகன் முதன்முதலாகத் தமிழில் மின்னஞ்சல் அனுப்பினான். எனக்குத் தெரிந்தது: தலையில் புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகள், முக்கால், அரை என்ற பின்னக் குறிகள், பவுண்டு அடையாளம். ஈப்போ நண்பர் ஒருவர் முரசு அஞ்சலை நெகிழ்வட்டில் பதிந்து பஸ் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பினார். பஸ் நிலையத்தில் காத்திருந்து வாங்கி வந்தேன். நிறுவி, எழுத்துருவை மாற்றினேன். பின்னங்கள் எல்லாம் ஒரே நொடியில் தமிழாகின.

அம்மாவைக் கூப்பிட்டேன். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்தவர். பால் கறை ஏறிய விரலைத் திரைமேல் வைத்து, எழுத்தெழுத்தாக நகர்த்தி, வாய்விட்டு வாசித்தார். "இந்த ஆண்டு மாரியம்மன் கோவில் தீமிதி எப்போது, அத்தை?" என்று அவன் கேட்டிருந்தான். வாசித்து முடித்ததும் தேதியைத் திரையைப் பார்த்தே சொன்னார், அவனே எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல. பிறகு என்னிடம் திரும்பி, "இவன் கையெழுத்து எப்போது இவ்வளவு அழகானது?" என்றார்.

தாத்தா ஆபீஸ் வாசலில் நின்றார். அவருடைய மகள் தானே வாசித்தார்.

12 மே 2024, காலை 10.40

திருத்தம். அது 1997 இல்லை, 1998. அம்மாவின் பெட்டியில் அந்த ஆண்டுத் தீமிதி அழைப்பிதழ் இருக்கிறது, அதன் பின்பக்கத்தில் அத்தை மகனின் மின்னஞ்சல் முகவரியை நான் எழுதியிருக்கிறேன்.

இன்னொரு திருத்தம், ஏப்ரல் 21 குறிப்புக்கு. பிறப்பு 1983 என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டேன். வலைகள் சம்மதித்த ஆண்டு அது. அம்மாவுக்கு 1983-இல் இணையம் பிறக்கவில்லை. எழுத்துகள் சம்மதிக்க வேண்டியிருந்தது. 1991-இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் உலகம் முழுவதும் ஒரே எண். 'க' என்றால் எங்கும் 2965. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்த பிறகுதான் அது சாதாரண வீட்டுக் கணினிகளை எட்டத் தொடங்கியது. பையன் கட்டுரையில் ஒரே ஆண்டுதான் எழுத முடியும் என்றால் 1983 என்றே இருக்கட்டும். நான் எனக்காக வைத்திருப்பது 1998.

18 மே 2024, இரவு 8.15

கட்டுரையை ஆசிரியர் வகுப்பில் வாசிக்கச் சொன்னாராம். பலகை அடுப்படிப் பகுதியை இரண்டு முறை வாசித்தானாம். மகிழ்ச்சி தம்பி.

கருகிய மோடத்தைப் பார்க்க வேண்டும் என்கிறானாம். இருக்கிறது, எறியவில்லை. மூடியைத் திருகிக் கழற்றினால் மின்னல் நுழைந்த இடம் கறுப்பாகத் தெரியும். அடுத்த சனிக்கிழமை காலையிலேயே கூட்டி வாருங்கள், மதியத்துக்கு மேல் இங்கே மழை பிடித்துக்கொள்கிறது. மோடத்தைப் பார்த்த பிறகு கோலகங்சாருக்குப் போய் அந்தப் பழைய ரப்பர் மரத்தையும் காட்டிவிட்டு வரலாம்.